கிழக்கே ஒரு மூட்டை, மேற்கே ஒரு மூட்டை

ஒரு பையனுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தால் வீடு சந்தோஷப்படும் என்று நினைப்பவர்கள், அந்த மூன்று வாரம் அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்து இருந்து பார்த்திருக்க வேண்டும். இடம் கிடைக்காத பையன்கள் எல்லாம் நிம்மதியாக ஏரியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்து என் தலையெழுத்தை மற்றவர்கள் எழுதுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரன் காலம். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், இரண்டு ஜோடி மாடு, இவ்வளவுதான் நாங்கள். எங்கள் வகையறாவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். தினம் ரயிலேறிப் போய்ப் படித்தேன். கணக்கில் நல்ல மார்க்கு வந்தது. வாத்தியார் சொன்னபடி இரண்டு கல்லூரிகளுக்கு மனுப் போட்டேன். ஒன்று பட்டணத்தில், இன்னொன்று வேலூரில். இரண்டும் ஒரே வாரத்தில் பதில் போட்டன.

பட்டணத்துக் கடிதம் இண்டர்மீடியட்டில் கணக்கும் பௌதிகமும் ரசாயனமும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. வேலூர்க் கடிதம், கணக்குப் பிரிவு நிரம்பிவிட்டது, சரித்திரமும் தர்க்கமும் படிப்பதானால் வா என்றது. இரண்டுமே ஒரே திங்கட்கிழமையைக் குறித்து, மார்க்கு எழுதிய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு நேரில் வரச் சொல்லியிருந்தன. பட்டணத்தில் காலை பத்து மணிக்கு. வேலூரில் மாலை நான்கு மணிக்குள். வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

எனக்குக் கணக்கு வேண்டும். கணக்கு படித்து, பாலம் கட்டுகிற உத்தியோகத்துக்குப் போக வேண்டும். ரயில் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன். ஆகையால் என்னைப் பொறுத்தவரை இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் என்னைப் பொறுத்தவரை என்று ஒரு பேச்சே அந்த வீட்டில் எழவில்லை.

நைனாவுக்கு வேலூர்தான். அங்கே அவருடைய அக்கா இருந்தார். அத்தை வீட்டில் சோறு, அத்தை கண்ணில் காவல். பட்டணத்துக்குப் போனால் பையன் காபி ஓட்டலிலும் சினிமாக் கொட்டகையிலும் கெட்டுக் குட்டிச்சுவராவான் என்பது அவர் முடிவு. அம்மாவுக்குப் பட்டணம்தான். காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் வந்துவிடுவேன், ராத்திரிச் சோறு அவள் கையால். அத்தைக்குக் குழம்பு வைக்கத் தெரியாது என்பது அவள் பக்கத்து வலுவான சாட்சி.

தெருவும் சும்மா இருக்கவில்லை. முடிவெட்ட வந்தவர் வேலூர்த் தண்ணீர் ஆகாது என்றார். ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர் பட்டணத்தில் பையன்கள் கொடியைத் தூக்கிக்கொண்டு ஜெயிலுக்குப் போகிறார்கள் என்றார். தண்ணீர், குழம்பு, ஜெயில், எல்லாம் பேசியாயிற்று. கணக்கு என்ற சொல் மட்டும் மூன்று வாரத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை. நினைத்தால் இப்போதும் எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. என் வாயிலும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். நான் வெகு ஒழுங்காக வளர்ந்திருந்தேன்.

கடைசி வாரத்தில் நைனா பஞ்சாங்கத்தை எடுத்தார். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்து, வெற்றிக் களையோடு நிமிர்ந்தார். திங்கட்கிழமை கிழக்கே சூலம். அதாவது அன்றைக்குக் கிழக்குத் திசையில் பயணம் புறப்படக் கூடாது. எங்கள் ஊருக்குப் பட்டணம் கிழக்கு. வேலூர் மேற்கு, மேற்கே ஒரு தடையும் இல்லை. சாமியே சொல்லிவிட்டது என்று பஞ்சாங்கத்தை மூடினார்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. வேலூர் பஸ் பட்டணத்திலிருந்து புறப்பட்டு, பெங்களூர் ரோட்டில் நசரத்பேட்டைக்குக் காலை எட்டு மணிக்கு வரும். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். அதற்குத்தான் பரஸ்தானம் இருக்கிறதே என்றார் நைனா.

பரஸ்தானம் என்பது இதுதான். புறப்பட வேண்டிய நாளோ நேரமோ சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில், போகிற ஆளின் சாமான்களை மூட்டையாகக் கட்டி, போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மூட்டை கிளம்பினால் ஆளே கிளம்பிய மாதிரி. அப்புறம் ராகுகாலமும் இல்லை, சூலமும் இல்லை. போகும்போது வழியில் மூட்டையை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வைத்த மூட்டை வீடு திரும்பக் கூடாது. திரும்பினால் பயணமே பாழ். கல்யாணத்துக்கும் வழக்குக்கும் கோர்ட்டுக்கும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான்.

சனிக்கிழமை காலை நைனா சைக்கிளில் ஒரு மூட்டையோடு கிளம்பிப் போய் மத்தியானம் சும்மா திரும்பி வந்தார். நசரத்பேட்டையில் அவருடைய சிநேகிதர் ஒரு பாய் இருந்தார். ரோட்டோரத்தில் வண்டிக்காரர்களுக்குக் கயிறும் வண்டிப் பட்டையும் விற்கிற கடை, பின்னாலேயே வீடு. மூட்டை அங்கே போய்விட்டது. அதில் ஒரு வேட்டி, துண்டு, மஞ்சள் தடவிய அரிசி ஒரு பிடி. பிறகு, பயணத்துக்கு எது முக்கியமோ அதுவும் இருக்க வேண்டும் அல்லவா என்று, என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்.

புத்தகம் இல்லாமல் எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்க முடியாது. அது இப்போது எட்டு மைலுக்கு அப்பால், வீடு திரும்பக் கூடாத மூட்டைக்குள் இருந்தது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தாளே என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை நைனா ஏர் பார்க்கப் போன நேரத்தில், என் நல்ல சட்டை இரண்டையும் பட்டணத்துக் கடிதத்தையும் மூட்டையாகக் கட்டினாள். அன்றைக்கு மேற்கேதான் சூலம், கிழக்கே திறந்து கிடந்தது. ரயிலில் கீரை கொண்டுபோய் விற்கிற ஒரு அம்மாள் கையில் அதைக் கொடுத்து, வில்லிவாக்கத்தில் இருந்த தன் சித்தி மகள் வீட்டுக்கு அனுப்பினாள். வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"உங்க நைனாகிட்ட மூச்சு உடாத. தெரிஞ்சா ஊடு ரெண்டாயிடும். என் தலமேல அடிச்சி சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வேறென்ன செய்வது? பஞ்சாங்கப்படி பார்த்தால் நான் சனிக்கிழமையே மேற்கே கிளம்பிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை கிழக்கேயும் கிளம்பிவிட்டேன். புத்தகம் ஒரு திசையில், கடிதம் ஒரு திசையில். வீட்டில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தது யார் என்று மட்டும் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலையில், நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும்போது, நான் அவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் வாழ்க்கையில் நானாகச் செய்த முதல் காரியம் அது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு நசரத்பேட்டையிலேயே பட்டணத்து பஸ்ஸில் ஏறிவிடுவது என்பது திட்டம். கடிதம் இல்லாவிட்டாலும் பட்டியலில் பெயர் இருக்கும். உடம்பில் கிழிந்த சட்டை. நல்லது இரண்டும் வில்லிவாக்கத்தில் இருந்தன.

ஆறரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பாய் தொழுகை முடித்துக் கடைப் பலகைகளை எடுத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, மூட்டை பத்திரமாகப் பரண்மேல் இருக்கிறது, தர முடியாது என்றார்.

"தம்பி, அது அமானிதம். ஒங்க நைனா என்னை நம்பி கொடுத்துட்டுப் போன பொருளு. அவரு கையிலதான் திருப்பிக் கொடுக்கணும். உள்ள இருக்கறது ஒன்னோடதா இருக்கலாம். மூட்டை அவரோடது."

இது என் புத்தகம், என் மார்க்கு, என் பெயர் எழுதியிருக்கிறது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. ஒருவருக்குப் பரஸ்தானம், ஒருவருக்கு அமானிதம். நடுவில் நான். அங்கே தொங்கிய கயிற்றுக் கட்டுகளை எல்லாம் அறுத்துப் போட்டுவிடலாமா என்று வந்தது. பிறகு பாய் ஒன்று கேட்டார். மூன்று வாரத்தில் யாரும் கேட்காதது.

"சரி, நீ இன்னா படிக்கணும்னு நெனைக்கிற? அத நைனாகிட்ட சொன்னியா?"

கணக்கு என்றேன். சொல்லவில்லை என்றேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஏழே முக்காலுக்கு நைனா மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும், முன்னதாகவே வந்து காத்திருக்கிறேன் என்று நினைத்து முகம் மலர்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பாயே பேசிவிட்டார். இந்தப் பிள்ளைக்குக் கணக்குதான் வேண்டுமாம், அது வேலூரில் கிடையாதாம், பட்டணத்தில்தான் இருக்கிறதாம், நீங்கள் சொல்கிற வரை மூட்டையைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்றார்.

நைனா கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை.

"கணக்கா? ஒங்க வாத்தியாரு கூட சொன்னாரு, கணக்குல புலின்னு. இத்தினி நாளா வாயில இன்னாத்த வச்சிக்கினு இருந்த? சொன்னாதானடா தெரியும்."

அவர் பாயிடம் மூட்டையை வாங்கி அவிழ்த்து, புத்தகத்தை எடுத்துத் தோள் துண்டால் துடைத்து, என் கையில் கொடுத்தார். பட்டணத்துக்கே போ என்றார். மூன்று வாரச் சண்டை அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. முதல் நாளே ஒரு சொல் சொல்லியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும் என்று நினைத்தபோது, சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் வந்தது.

எட்டு அடித்துக் கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் பஸ் வந்தது. மேற்கே போகிற வேலூர் பஸ் நின்று போய்விட்டது. கிழக்கே போகிற பட்டணத்து பஸ் எதிர்ப்பக்கத்தில் நின்று முனகிக்கொண்டிருந்தது. அதில் ஏறினால் ஒன்பதரைக்குப் பட்டணம். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். நைனா என் தோளைப் பிடித்தார்.

"இரு. ராகுகாலம். அதுல சூலம் வேற. மேக்கால மூட்ட போச்சே கண்டி, கெழக்கால ஒண்ணும் போவலியே. ஒம்போதுக்கு மேல அடுத்த பஸ்ஸு கீது, அதுல போ."

கிழக்கே மூட்டை போயிருந்தது. வில்லிவாக்கத்தில் என் இரண்டு சட்டைகளோடு உட்கார்ந்திருந்தது. பஞ்சாங்கப்படி எனக்கு அன்றைக்குச் சூலமும் இல்லை, ராகுகாலமும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் நைனாவே என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டிருப்பார். ஆனால் அம்மா தலைமேல் அடித்துச் செய்த சத்தியம் ஆயிற்றே அது. வீடு இரண்டாகிவிடும் என்றாளே. புத்தகம் கையில் இருக்கிறது, பஸ் கண்ணெதிரே நிற்கிறது, நான் நிற்கிறேன். பத்து மணிக் கெடு நைனாவுக்குத் தெரியாது, அதையும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் தலையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது.

அடுத்த ஒரு மணி நேரம் கடை வாசலில் உட்கார்ந்து உள்ளே மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராகுகாலத்துக்குக் காத்திருக்கலாம், கிழக்குச் சூலத்துக்கு என்ன செய்வது என்று நைனாவுக்குக் கவலை. தயிர் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் அது தீரும். பாய் அவருடைய கவலையைக் கேட்டுவிட்டு, எங்கள் வீட்டில் தயிர் இருக்கிறது, நீங்கள் ஒத்துக்கொள்வீர்களோ என்னவோ என்று தயங்கினார். பத்து வருஷச் சிநேகம். அந்த வீட்டில் என் தகப்பனார் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது, பாயும் வற்புறுத்தியதில்லை. நைனா கொஞ்சம் யோசித்தார். பிறகு, கொண்டுவாங்க பாய் என்றார்.

பாய் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் தயிர் கொண்டுவந்தார். நைனா அதைத் தன் கையால் வாங்கி, எனக்குக் கொடுத்தார். நான் சாப்பிட்டதும் மீதியைத் தானும் ஒரு வாய் சாப்பிட்டார். வேறொரு நாளாக இருந்தால் அதை நினைத்து நான் நெகிழ்ந்திருப்பேன். அன்றைக்கு எனக்குக் கடிகாரத்தின் முள் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

ஒன்பதேகாலுக்கு பஸ் வந்தது. பூந்தமல்லியில் ஆள் ஏற்ற நின்றது, வழியில் இன்னும் நான்கு இடத்தில் நின்றது. பட்டணத்தில் இறங்கி டிராம் பிடித்துக் கல்லூரிக்குள் நுழையும்போது பதினொன்று தாண்டிவிட்டது. குமாஸ்தா நல்ல மனிதர். கடிதம் இல்லை என்று சொன்னதற்குக்கூடக் கோபிக்கவில்லை. பட்டியலில் என் பெயரைக் கண்டுபிடித்தார். அதன்மேல் ஒரு கோடு இழுத்திருந்தது. பத்து மணிக்கு வராதவர்களின் இடங்களைக் காத்திருந்தவர்களுக்குக் கொடுத்தாயிற்று, கணக்கில் கடைசி இடம் போய் அரை மணி நேரம்தான் ஆகிறது என்றார். என் புத்தகத்தைப் புரட்டி மார்க்கைப் பார்த்து, உச்சுக் கொட்டினார். சரித்திரத்திலும் தர்க்கத்திலும் இடம் இருக்கிறது, சேர்கிறாயா என்று கேட்டார்.

வேலூரில் தருகிறேன் என்றார்களே, அதே சரித்திரம், அதே தர்க்கம். மூன்று வாரச் சண்டை, இரண்டு மூட்டை, ஒரு கிண்ணம் தயிர், எல்லாம் போட்டு எடுத்தால் கடைசியில் கையில் வந்தது இது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

சாயங்கால ரயிலில் வீடு திரும்பினேன். வீடே பண்டிகை மாதிரி இருந்தது. அம்மா வடை சுட்டிருந்தாள். நைனா மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, பாய் வீட்டுத் தயிர்தான் சூலத்தை எடுத்தது என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. காரியம்தான் ஆகிவிட்டதே, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள். தயிரும் இல்லை ஒன்றும் இல்லை, நான் ஞாயிற்றுக்கிழமையே வில்லிவாக்கத்துக்கு மூட்டை அனுப்பிவிட்டேன், அதுதான் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள்.

எந்த வீடு இரண்டாகும் என்று பயந்து நான் ரோட்டில் பொம்மை மாதிரி நின்றேனோ, அந்த வீட்டில் நைனா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அடப்பாவி, கெழக்காலயும் மூட்ட போயிருக்குதுன்னு காலைலயே சொல்றதுக்கு இன்னா? எட்டு மணி பஸ்ஸுலயே ஏத்தி உட்டிருப்பேனே. ஒரு மணி நேரம் அந்தக் கடையில காய்ஞ்சிக்கினு கெடந்தோமே ரெண்டு பேரும்."

நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிறகு, அந்த மூன்று வாரத்தில் முதல் தடவையாக, அவரே என்னிடம் கேட்டார்.

"இன்னா, நீ கேட்ட கணக்கு கெடச்சுதா?"

யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் என்னைக் கேட்கவில்லை என்று அத்தனை நாள் பொருமினேன். இதோ கேட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால், அந்த எட்டு மணி பஸ்ஸை அவர் சாகும்வரை மறக்கமாட்டார்.

"கெடச்சுது நைனா" என்றேன்.